அப்பாவின் பயாப்ஸி ரிப்போர்ட்டில் பி53, கேஐ-67 என்று போட்டிருக்கிறார்கள். இதை வைத்து என்ன சொல்ல முடியும்?

தறிநாடா (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 66 வயது. முப்பது வருஷம் சாயப்பட்டறை வேலை, பீடியும் இருந்தது, விட்டு ஐந்து வருஷம் ஆகிறது. போன மாதம் ஒருநாள் வலியோ எரிச்சலோ எதுவும் இல்லாமல் சிறுநீர் ரத்தமாகப் போயிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாம் முறை போனபோதுதான் அம்மாவிடம் சொன்னார். ஸ்கேனில் சிறுநீர்ப்பைக்குள் 3 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே ஒரு கட்டி. உள்ளே கருவி விட்டுச் சுரண்டி எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் 'யூரோதீலியல் கார்சினோமா, ஹை கிரேடு, டி1' என்று இருக்கிறது.

அதற்குக் கீழே தனியாக ஒரு பெட்டி கட்டி 'ஐஹெச்சி: பி53 60 சதவீதம் பாசிட்டிவ், கேஐ-67 35 சதவீதம்' என்று போட்டிருக்கிறார்கள். டாக்டரைப் பார்க்க இன்னும் ஆறு நாள் இருக்கிறது. நான் ராத்திரி இரண்டு மணி வரை இணையத்தில் தேடினேன். எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் பி53 கூடுதலாக இருந்தால் ஆயுள் குறைவு என்றுதான் வருகிறது. அப்பாவிடம் ரிப்போர்ட்டையே காட்டவில்லை. சித்தப்பா ஒருவர் பிடி-எல்1 டெஸ்ட்டையும் இப்போதே கொடுத்துவிடலாம், சிறுநீரில் புரதம் பார்க்கும் டெஸ்ட்டும் இருக்கிறது என்கிறார். பணம் புரட்டிவிடலாம். ஆனால் இதெல்லாம் அப்பாவுக்கு உதவுமா என்பதுதான் கேள்வி. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி

தம்பி, நான் பேத்தாலஜிஸ்ட், இந்த ஸ்லைடுகளைத்தான் தினமும் பார்க்கிறேன். உங்கள் அப்பாவின் ஸ்லைடை நான் பார்க்கவில்லை, அதனால் பொதுவாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த 60 சதவீதம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எடுத்த சதைத் துண்டை மெழுகுக் கட்டிக்குள் புதைத்து, முடியை விட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, பி53 புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியை ஊற்றுகிறோம். புரதம் இருக்கிற செல்லின் உட்கரு பழுப்பாகும், மற்றது நீலமாக நிற்கும். ரிப்போர்ட்டில் ஐஹெச்சி என்று போட்டிருப்பது இந்தச் சாயச் சோதனையைத்தான். அப்புறம் மனிதக் கண்ணால் எண்ணுகிறோம். வெளிர்பழுப்பை நான் கணக்கில் சேர்ப்பேன், பக்கத்து மேசையில் இருப்பவர் சேர்க்க மாட்டார். கருவியின் சூட்டில் ஓரம் கருகிய துண்டில் எல்லாமே பழுப்பாகத் தெரியும். அறுபது என்றால் தராசில் நிறுத்த அறுபது இல்லை.

பி53 எல்லாச் செல்லிலும் இருக்கிற காவல் புரதம். நல்ல நிலையில் அது உண்டான வேகத்தில் சிதைந்துவிடும், அதனால் சாயத்தில் லேசாகத்தான் தெரியும். மரபணு கெட்டுப்போனால் சிதையாமல் உட்கருவில் குவியும், அடர் பழுப்பு. ஆனால் சில கட்டிகளில் மரபணு அடியோடு உடைந்து புரதமே உண்டாகாது, அப்போது சாயம் சுத்தமாக ஏறாது. அதுவும் கெட்டுப்போனதுதான், ஆனால் எண்ணினால் பூஜ்யம் வரும். '10 சதவீதத்துக்கு மேல் பாசிட்டிவ்' என்ற பழைய கணக்கு இவர்களை நல்லவர்கள் பக்கம் உட்கார வைத்துவிடும்.

இனி நீங்கள் படித்த கட்டுரைகளுக்கு வருகிறேன். 1994இல் லாஸ் ஏஞ்சலிஸ் குழு ஒன்று, சிறுநீர்ப்பையை அறுவை செய்து எடுத்த 243 பேரின் திசுவைச் சோதித்து, பி53 குவிந்திருந்தவர்களுக்கு நோய் திரும்புவது அதிகம் என்று பெரிய மருத்துவ இதழில் எழுதியது. நியாயமான ஆய்வு. அதைப் பின்பற்றி நூற்றுக்கணக்கில் கட்டுரைகள் வந்தன. சரி, அப்படியென்றால் பி53 கெட்டவர்களுக்குக் கூடுதலாகக் கீமோ கொடுத்தால் பிழைப்பார்களா என்று கேட்க வேண்டாமா? கேட்டார்கள். சிறுநீர்ப்பையை எடுத்த, நோய் தசையைத் தாண்டாத 499 பேரின் கட்டியில் பி53 பார்த்தார்கள். 272 பேருக்குப் பாசிட்டிவ். அவர்களில் 114 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு எம்விஏசி என்ற கீமோ மூன்று சுற்று, மறுபாதிக்குக் கண்காணிப்பு மட்டும். 2011இல் முடிவு வெளியானது. கீமோவால் வித்தியாசம் இல்லை என்பது மட்டுமில்லை, பி53 பாசிட்டிவானவர்களுக்கும் நெகட்டிவானவர்களுக்கும் இடையிலேயே நோய் திரும்புவதில் வித்தியாசம் இல்லை. பதினேழு வருஷமாக எல்லோரும் நம்பிய விஷயம்.

அதனால் ராத்திரி இரண்டு மணிக்குப் படித்ததை ஓரமாக வையுங்கள். கேஐ-67 செல் பிரிகிற வேகத்தைக் காட்டும், ஹை கிரேடு, அதாவது வேகமாக வளரும் வகை என்றாலே அது கூடத்தான் செய்யும், புதிதாக ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். ரிப்போர்ட்டில் தசை பற்றி ஏதாவது வரி இருக்கிறதா? 'டெட்ரூசர் மசில்' அல்லது 'மஸ்குலாரிஸ் புரோப்ரியா' என்று இருக்கும். அதை அப்படியே எழுதுங்கள்.

தறிநாடா

நன்றி மேடம். இருக்கிறது. 'டெட்ரூசர் தசை மாதிரியில் காணப்படவில்லை' என்று ஒரே வரி, சின்ன எழுத்தில். நான் அதைக் கவனிக்கவே இல்லை.

நுண்ணோக்கி

அந்த ஒரு வரிதான் முழு ரிப்போர்ட்டிலும் உங்களுக்கு முக்கியம். டி1 என்றால் உள்தோலைத் தாண்டி அடியில் இருக்கிற இணைப்புத் திசு வரை போயிருக்கிறது, தசைக்குள் இறங்கவில்லை என்று அர்த்தம். தசையே துண்டில் வராவிட்டால் இறங்கவில்லை என்று எப்படிச் சொல்வது? வந்த துண்டில் இறங்கவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் ஹை கிரேடு டி1க்கு இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் அதே இடத்தில் மறுபடி சுரண்டி எடுத்துப் பார்ப்பார்கள், இந்தச் சுரண்டலுக்குத்தான் டியூஆர் என்று பெயர். தசைக்குள் இறங்கியிருந்தால் சிகிச்சையே வேறு.

ஆறு நாள் காத்திருக்காமல் நாளைக்கே போன் போட்டு "ரிப்போர்ட்டில் தசை இல்லை என்று இருக்கிறது, மறு டியூஆர் எப்போது" என்று கேளுங்கள். கூடவே மூன்று விஷயம் கேளுங்கள்: கட்டி ஒன்றா பலவா, சிஐஎஸ் என்கிற தட்டையான புற்று பக்கத்தில் இருந்ததா, ரத்த நாளத்துக்குள் செல்கள் தென்பட்டதா. அப்பாவுக்கு என்ன ஆகும் என்று இன்றைய தேதியில் கணிப்பதற்கு வயது, அளவு, எண்ணிக்கை, கிரேடு, ஆழம், சிஐஎஸ் இவைதான் கைகொடுக்கின்றன. புரதச் சாயம் இந்தக் கணக்கில் இல்லை.

பனிக்காலம்

நான் ஸ்வீடனில் மால்மோவில் இதே துறையில் ஆராய்ச்சி மாணவி. நுண்ணோக்கி அக்கா சொன்ன தசை விஷயத்தில் முழுக்க உடன்படுகிறேன். பி53 பற்றிச் சொன்னதில் ஒரு பகுதிக்கு மட்டும் மறுப்பு எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதைப் படித்துவிட்டுப் புரத ஆய்வே வீண் என்று யாரும் போய்விடக் கூடாது.

அந்தச் சோதனையில் பாசிட்டிவான 272 பேரில் பாதிக்கும் மேல் குலுக்கலுக்கு ஒப்புக்கொள்ளவில்லை. எதிர்பார்த்ததை விடக் குறைவானவர்களுக்கே நோய் திரும்பியது, ஐந்து வருஷத்தில் ஐந்தில் ஒருவருக்கு. 114 பேரை வைத்துக்கொண்டு கீமோ உதவாது என்று அடித்துச் சொல்ல முடியாது. இதை அந்த ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்று. ஹை கிரேடு டி1தான் கணிப்பு மிகவும் தேவைப்படுகிற இடம். பிசிஜி என்கிற காசநோய்த் தடுப்பு மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் ஏற்றிப் பல பேர் நன்றாக இருக்கிறார்கள். சிலருக்கு அதையும் மீறித் தசைக்குள் இறங்கிவிடுகிறது, அப்போது சிறுநீர்ப்பையை எடுத்தாலும் தாமதமாகிப் போகிறது. ஆரம்பத்திலேயே எடுத்திருந்தால் பிழைத்திருக்கலாம். அதே சமயம் எல்லோருக்கும் எடுத்தால், பிசிஜியிலேயே குணமாகியிருக்கக்கூடிய எத்தனையோ பேர் வாழ்நாள் முழுக்கப் பையை வயிற்றில் ஒட்டிக்கொண்டு திரிய வேண்டும். இந்த இரண்டு பேரையும் முதல் நாளே பிரித்துக் காட்ட கிரேடும் அளவும் போதவில்லை. அதனால்தான் நாங்கள் தேடிக்கொண்டே இருக்கிறோம்.

இங்கே தெற்கு ஸ்வீடனில் பார்க்கப்பட்ட இரண்டைச் சொல்கிறேன். ஒன்று போடோகாலிக்சின், சுருக்கமாகப் பிஓடிஎக்ஸ்எல். சிறுநீரகத்தில் வடிகட்டுகிற செல்களின் மேற்பரப்பில் இருக்கிற புரதம், அங்கே அது நல்ல பிள்ளை. சிறுநீர்ப்பைக் கட்டிச் செல்லின் ஓரச் சவ்வில் அது தெரிந்தால் நோய் மோசமாகப் போகிறது என்று 2013இல் வெளியானது. குறைவான கட்டிகளில்தான் சவ்வில் தெரியும், ஆனால் தெரிந்தால் கவலைப்பட வேண்டும். இன்னொன்று ஆர்பிஎம்3, உடம்பு குளிரும்போது கூடுகிற புரதம். அது குறைந்துபோன கட்டிகள் மோசமாகப் போயின, அதுவும் அதே வருஷம்.

என் வேலை என்னவென்றால், நூற்றுக்கணக்கான பழைய மெழுகுக் கட்டிகளிலிருந்து ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு உருளை உருளையாகத் துளைத்தெடுத்து, புதுக் கட்டி ஒன்றில் கட்டம் போட்டு நடுவது. நாற்று நடுகிற மாதிரிதான். ஒரே ஸ்லைடில் நூறு நோயாளிகள். ஒவ்வொரு வட்டமும் ஒரு மனிதர், சிலர் நான் பிறப்பதற்கு முன்பே இறந்துபோனவர்கள். அதைப் பார்த்துக்கொண்டு இது வீண் வேலை என்று என்னால் நினைக்க முடியவில்லை.

நுண்ணோக்கி

வீண் என்று நான் சொல்லவே இல்லை கண்ணா. குலுக்கல் பகுதி பலவீனமானது என்பது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பி53 கணிக்குமா என்ற கேள்விக்குக் குலுக்கல் தேவையில்லை, 499 பேரும் அதற்குச் சாட்சி. அங்கேயே வித்தியாசம் தெரியவில்லையே.

எனக்கு இருக்கிற வருத்தம் வேறு. ஒருவர் நூறு ஸ்லைடைச் சாயமேற்றுகிறார். 5 சதவீதத்தில் வெட்டிப் பார்க்கிறார், ஒன்றும் இல்லை. 10, ஒன்றும் இல்லை. 20இல் வெட்டினால் இரண்டு கோடுகளும் அழகாகப் பிரிகின்றன. கட்டுரையில் 20 மட்டும் வரும். அடுத்த ஊர்க்காரர் வேறு ஆன்டிபாடி, வேறு வெட்டுப்புள்ளி. இப்படிப் போட்டதைத் தடுக்கத்தான் 2005இல் ரிமார்க் என்ற விதிமுறையைக் கொண்டுவந்தார்கள். வெட்டுப்புள்ளியை எப்படித் தேர்ந்தெடுத்தாய், எத்தனை பேரை விட்டுவிட்டாய் என்று எல்லாவற்றையும் எழுது என்று. நீங்கள் அதைப் பின்பற்றுவீர்கள் என்று நம்புகிறேன். ஆனால் அதற்கு முந்தைய குவியல் இன்னும் இணையத்தில்தான் கிடக்கிறது, தம்பி ராத்திரி இரண்டு மணிக்குப் படித்தது அதைத்தான்.

வடமராட்சி அக்கா

நான் இங்கிலாந்தில் கதிர்ச்சிகிச்சைப் பிரிவில் தாதியாக இருக்கிறேன். இரண்டு பேரும் சொல்வதற்கு நடுவில் நான் கண்முன்னே பார்த்த கதை ஒன்று இருக்கிறது.

இங்கே தசைக்குள் இறங்கிய பிறகும் சிறுநீர்ப்பையை எடுக்காமல் கதிர்ச்சிகிச்சையால் காப்பாற்றுகிற வழக்கம் நன்றாக உண்டு. ஆருக்கு அறுவை, ஆருக்குக் கதிர் என்று தெரிவு செய்ய ஒரு சோதனை இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். 2010இல் எம்ஆர்இ11 என்ற புரதத்தைப் பற்றி இங்கிலாந்திலேயே ஆய்வு வந்தது. டிஎன்ஏ முறிவைத் திருத்துகிற வேலையில் இருக்கிற புரதம் அது. கதிர் வாங்கியவர்களில் கட்டியில் அது குறைவாக இருந்தவர்களுக்கு முடிவு மோசம். அறுவை செய்தவர்களில் அப்படி வித்தியாசம் இல்லை. இதுதான் வேண்டும், பாருங்கள்: நோய் எப்படிப் போகும் என்பது மட்டுமில்லை, எந்தச் சிகிச்சை ஆருக்கு என்று சொல்லுகிற சோதனை. எங்களுக்கு அவ்வளவு சந்தோசம்.

அதற்குப் பிறகு அதை வைத்தியசாலைக்குக் கொண்டுவருவதற்காகப் பல ஆய்வுகூடங்களில் மறுபடி செய்து பார்த்தார்கள். 2019இல் முடிவு வந்தது. ஒரு கூடத்தில் ஏற்றிய சாயமும் இன்னொரு கூடத்தில் ஏற்றியதும் ஒத்துப்போகவில்லை, எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை, முதலில் கண்ட தொடர்பைத் திரும்பக் காட்ட முடியவில்லை. உயிரியல் பிழையா, சாயத்தின் பிழையா என்றுகூடப் பிரிக்க முடியாமல் போய்விட்டது. ஒருவரும் பொய் சொல்லவில்லை, நல்ல மனிதர்கள், பத்து வருச உழைப்பு. ஆனால் நோயாளிக்கு அது போய்ச் சேரவில்லை.

தம்பி, அப்பாவிடம் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். மறைத்தால் அவர் மனதில் இதைவிடப் பெரிதாகக் கற்பனை செய்துகொண்டிருப்பார். நான் தினம் பார்க்கிறேன்.

சோழவந்தான் வாத்தியார்

நான் நோயாளி. 71 வயது. ஹை கிரேடு டி1, பிசிஜி மூன்று வருஷம் முழுசாக ஏற்றி முடித்து இப்போது ஏழாவது வருஷம். இதை அப்பாவிடம் சொல்லுங்கள்.

சிறுநீரில் புரதம் பார்க்கும் டெஸ்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் பண்ணியிருக்கிறேன், என்எம்பி22 என்று பெயர். சிறுநீர் நாலு சொட்டு விட்டால் அரைமணி நேரத்துக்குள் கோடு விழும், கர்ப்பம் பார்க்கிற அட்டை மாதிரி. இரண்டாம் வருஷம் ஒரு லேப்பில் பார்த்து பாசிட்டிவ் என்று கொடுத்துவிட்டார்கள். அன்று இரவு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மறுநாள் குழாய் விட்டு உள்ளே பார்க்கிற சிஸ்டோஸ்கோபியில் சுத்தமாக ஒன்றும் இல்லை. சிறுநீர்த் தொற்று இருந்திருக்கிறது. தொற்று, கல், ரத்தம் எது இருந்தாலும் அந்தக் கோடு விழுமாம். அதை முதலில் யாராவது சொல்லியிருக்கலாம்.

அப்புறம் நானே தேடிப் படித்தேன். 2005இல் வந்த பெரிய ஆய்வு, 1331 பேர். அதில் உண்மையிலேயே புற்று இருந்தவர்களில் 56 சதவீதம் பேரைத்தான் என்எம்பி22 கண்டுபிடித்தது. சிறுநீரில் செல் பார்க்கிற சைட்டாலஜி 16 சதவீதம்தான் கண்டுபிடித்தது, அதனால் அதை விட மேல்தான். ஆனால் சைட்டாலஜி ஆம் என்றால் அநேகமாக ஆம்தான், இது நோயே இல்லாத ஏழு பேரில் ஒருவருக்கும் ஆம் என்று சொல்லிவிடுகிறது. நூறில் நாற்பத்து நாலு பேரை விட்டுவிடுகிற ஒன்றை நம்பிக் குழாய் விட்டுப் பார்ப்பதைத் தள்ளிப்போட முடியுமா? நான் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போய்ப் படுத்துக்கொள்வேன். அந்தத் திரையில் என் சிறுநீர்ப்பையை நானே பார்ப்பேன், வெளிர்சிவப்பாக, மெல்லிய நரம்புகளோடு. பழகிவிட்டது.

பனிக்காலம்

வாத்தியார் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பிடிஏ என்று இன்னொரு சிறுநீர் டெஸ்ட் உண்டு. அது தேடுகிற புரதம், ரத்தத்தில் இயல்பாகவே இருக்கிற காம்ப்ளிமென்ட் எச் புரதத்தின் உறவுக்காரப் புரதம். அதனால் சிறுநீரில் ரத்தம் இருந்தாலே பாசிட்டிவ் காட்டும் வாய்ப்பு அதிகம். ரத்தம் போகிறது என்றுதானே முதலில் டாக்டரிடமே வருகிறார்கள்.

பிசிஜி ஏற்றுபவர்களுக்கு நம்பிக்கை தருகிற ஒரு பாதை வேறு பக்கம் இருக்கிறது. கட்டியின் புரதத்தைப் பார்க்காமல், பிசிஜி ஏற்றியதும் உடம்பு எப்படிச் சண்டைக்குக் கிளம்புகிறது என்று பார்ப்பது. மருந்து ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் சிறுநீரைப் பிடித்து, இன்டர்லூக்கின்-2, -6, -8 என்று ஒன்பது சைட்டோகைன்கள் (நோய் எதிர்ப்புச் செல்கள் விடும் சமிக்ஞைப் புரதங்கள்) எவ்வளவு கூடுகின்றன என்று அளந்து, யாருக்கு நோய் திரும்பும் என்று கணிக்கும் முறையை ஹூஸ்டன் குழு 2016இல் வெளியிட்டது. தர்க்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. அன்றாடச் சிகிச்சைக்குள் அது இன்னும் வரவில்லை.

காவிரிக்கரை ராணி

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். அம்மாவுக்கு 57 வயது. சிறுநீர்ப்பையில் இல்லை, சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயில் கட்டி. சிறுநீரகத்தோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். பெரியம்மாவுக்கு 46 வயதில் கர்ப்பப்பைப் புற்று வந்தது, தாத்தா குடல் புற்றில் போனார். அம்மாவுக்கும் இந்தப் பி53 எல்லாம் பார்க்க வேண்டுமா?

நுண்ணோக்கி

ராணி, நீங்கள் கேட்டது மிக நல்லதாகப் போயிற்று. பி53 வேண்டாம். உங்கள் அம்மாவுக்கு வேறொரு புரதச் சோதனை கட்டாயம் வேண்டும்.

சிறுநீர்க்குழாயிலும் சிறுநீரக உள்வாயிலும் வருகிற கட்டிகள் யூரோதீலியல் புற்றில், அதாவது சிறுநீர்ப் பாதையின் உள்தோலில் வரும் புற்றில், 5 முதல் 10 சதவீதம்தான். ஆனால் அவற்றில் ஒரு பங்கு லின்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைக் கோளாறால் வருவது. அதே குடும்பத்தில் குடல் புற்றும் கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றும் வரும். 60 வயதுக்குள் வந்தது, அக்காவுக்குக் கர்ப்பப்பை, அப்பாவுக்குக் குடல் என்றால் சந்தேகப்பட்டே ஆக வேண்டும்.

எம்எல்ஹெச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்ஹெச்2, எம்எஸ்ஹெச்6 என்று நாலு புரதம். டிஎன்ஏவில் நகல் பிழை வந்தால் திருத்துகிறவை. நாலுக்கும் சாயம் ஏற்றுவோம். இங்கே பழுப்பு வந்தால் நிம்மதி, வராவிட்டால்தான் விஷயம். கட்டிச் செல்கள் நீலமாக நிற்க, பக்கத்தில் இருக்கிற வெள்ளணுக்கள் பழுப்பாக இருந்தால் சாயம் சரியாக வேலை செய்திருக்கிறது, கட்டியில் மட்டும் புரதம் காணாமல் போயிருக்கிறது என்று அடித்துச் சொல்லலாம். அறுபதா நாற்பதா என்ற எண்ணிக்கைச் சண்டை பெரும்பாலும் இல்லை. சிறுநீர்க்குழாய்க் கட்டியில் பெரும்பாலும் எம்எஸ்ஹெச்2தான் போகும், அது போனால் அதன் ஜோடி எம்எஸ்ஹெச்6உம் கூடவே போகும்.

அறுவை செய்த இடத்தில் மெழுகுக் கட்டி இருக்கும், பிளாக் என்று கேளுங்கள், புதிதாக எதையும் வெட்ட வேண்டாம். புரதம் போயிருந்தால் அடுத்தது ரத்தத்தில் மரபணுச் சோதனை. அது உறுதியானால் உங்களுக்கும் உங்கள் கூடப்பிறந்தவர்களுக்கும் பார்க்க வேண்டும். இருந்தால் இள வயதிலிருந்தே கொலோனோஸ்கோபி பண்ணிக்கொண்டால் குடலில் வருகிற சின்ன மொட்டுகளைப் புற்றாக மாறும் முன்பே எடுத்துவிடலாம். உங்கள் வயது என்ன?

காவிரிக்கரை ராணி

34. தம்பிக்கு 29. இதை எங்களிடம் யாருமே கேட்கவில்லை. நாளைக்கே பிளாக் கேட்கிறேன். கை நடுங்குகிறது, ஆனால் நன்றி.

மூன்றாம் ஷிப்ட்

நான் மெடிக்கல் ஆன்காலஜியில் படிக்கிறேன், டியூட்டி முடிந்து இப்போதுதான் பார்த்தேன். பிடி-எல்1 கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை போல.

தறிநாடா அண்ணா, இப்போது வேண்டாம். அது நோய் பரவிய நிலையில் இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் மருந்து) கொடுக்கலாமா என்று பார்க்க வந்த சோதனை. அப்பாவுக்கு இன்று அதன் முடிவு எதையும் மாற்றாது.

பரவிய நிலையிலும் அதன் வரலாறு குழப்பமானது. ஒவ்வொரு மருந்து நிறுவனத்துக்கும் ஒரு ஆன்டிபாடி. ஒன்று கட்டிக்குள் இருக்கிற வெள்ளணுக்களை மட்டும் எண்ணும், 5 சதவீதம் இருந்தால் பாசிட்டிவ். இன்னொன்று கட்டிச் செல்லையும் வெள்ளணுவையும் கூட்டி 10 இருந்தால் பாசிட்டிவ். ஒரே நோயாளிக்கு ஒரு ஸ்லைடில் ஆம், இன்னொன்றில் இல்லை என்று வரும்.

அட்டிசோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைக் கீமோவோடு ஒப்பிட்ட ஐஎம்விகோர்211 சோதனையைப் பாருங்கள். பிடி-எல்1 அதிகமுள்ளவர்களை மட்டும் முதலில் எடுத்துப் பார்த்தார்கள், அவர்களுக்குத்தான் மருந்து பிரமாதமாக வேலை செய்யும் என்ற நம்பிக்கையில். மருந்து வாங்கியவர்களில் பாதிப் பேர் 11.1 மாதத்துக்கு மேல் உயிரோடு இருந்தார்கள், கீமோ வாங்கியவர்களில் பாதிப் பேர் 10.6 மாதத்துக்கு மேல். வித்தியாசமே இல்லை. ஆனால் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் கீமோ வாங்கியவர்களுக்கு 8 மாதம்தான். அதாவது பிடி-எல்1 அதிகமுள்ளவர்கள் எதை வாங்கினாலும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறார்கள். வடமராட்சி அக்கா சொன்ன அந்த வேறுபாடு இங்கே கண்ணாடி மாதிரித் தெரிகிறது. ஆள் எப்படி இருப்பார் என்று சொல்கிறது, எந்த மருந்து என்று சொல்லவில்லை.

இன்னொரு பக்கம் புரதத்தைக் கணிப்பதற்கு வைத்துக்கொள்ளாமல் குறிபார்த்து அடிக்கிற இலக்காக வைத்ததில்தான் உண்மையான மாற்றம் வந்திருக்கிறது. நெக்டின்-4 என்று ஒரு புரதம் இந்தப் புற்றுச் செல்களின் மேல்பரப்பில் ஏராளமாக இருக்கிறது. அதைப் பிடிக்கும் ஆன்டிபாடியின் முதுகில் கீமோவைக் கட்டி அனுப்பும் மருந்து என்ஃபோர்டுமாப் வெடோட்டின். அதையும் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தையும் சேர்த்துக் கொடுத்த சோதனையில் 886 பேர். கீமோ வாங்கியவர்களில் பாதிப் பேர் 16.1 மாதத்துக்கு மேல் உயிரோடு இருந்தார்கள், இந்த ஜோடி வாங்கியவர்களில் பாதிப் பேர் 31.5 மாதத்துக்கு மேல். 2023இல் மாட்ரிட் மாநாட்டில் சொன்னபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. பிடி-எல்1 கூடவா குறைவா என்பதைப் பொறுத்து அந்தப் பலன் மாறவில்லை. நெக்டின்-4 அளவைப் பார்த்து ஆள் தேர்ந்தெடுக்கவும் இல்லை, ஏறக்குறைய எல்லோருக்கும் இருப்பதால்.

ஹெர்2 என்ற இன்னொரு மேல்பரப்புப் புரதத்துக்கான மருந்து மட்டும் சாயம் பார்த்தே கொடுப்பது. 3+ என்று அடர்த்தியாக வந்தால் டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான் கொடுக்க அமெரிக்காவில் 2024இல் அனுமதி வந்தது, எந்த உறுப்புக் கட்டியாக இருந்தாலும், வேறு வழி தீர்ந்தபின். இதெல்லாம் அப்பாவுக்குத் தேவைப்படாமலே போகட்டும்.

பனிக்காலம்

மூன்றாம் ஷிப்ட், நெக்டின்-4 எல்லோருக்கும் இருக்கிறது என்பதில் ஒரு சின்னத் திருத்தம். சிறுநீர்ப்பைக் கட்டியில் நிறைய இருந்தவர்களுக்கே பரவிய இடத்தில் சவ்வில் குறைந்துபோவதைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. நெக்டின்-4 மரபணு பெருகியிருக்கிறவர்களுக்கு மருந்து மிக நன்றாகப் பிடிக்கிறது என்றும் வந்திருக்கிறது. ஆகவே எங்கே எடுத்த துண்டு, எப்போது எடுத்தது என்பதெல்லாம் இன்னும் திறந்திருக்கிற கேள்விகள். நான் என் வட்டங்களுக்குத் திரும்பப் போகிறேன்.

தறிநாடா

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். மன்னிக்கவும், நடுவில் எழுத முடியவில்லை.

நுண்ணோக்கி மேடம் சொன்ன மறுநாளே போன் செய்தேன். டாக்டர் அந்த வரியைப் பார்த்துவிட்டுத் தானே கூப்பிட இருந்ததாகச் சொன்னார், தேதி கொடுத்தார். மறுபடி சுரண்டி எடுத்தார்கள். புது ரிப்போர்ட்: 'டெட்ரூசர் தசை உள்ளது, தசையில் கட்டி இல்லை. பழைய இடத்தின் ஓரத்தில் சிறிதளவு ஹை கிரேடு டி1 எச்சம். சிஐஎஸ் இல்லை.' எச்சம் இருப்பது நல்லதல்ல என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். சிறுநீர்ப்பையை இப்போதே எடுப்பதையும் ஒரு வழியாக எடுத்து வைத்தார். அப்பா பிசிஜி ஏற்றிப் பார்க்கலாம் என்றார். மூன்று மாதத்தில் சரியில்லை என்றால் எடுத்துவிடலாம் என்று அவரே சொன்னார். பி53 பற்றிக் கேட்டேன். "அது 20 இருந்திருந்தாலும் இதையேதான் உங்களிடம் சொல்லியிருப்பேன்" என்றார்.

ரிப்போர்ட்டை அப்பாவிடம் காட்டினேன், வடமராட்சி அக்கா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசும் படித்தார். பட்டறையில் கூட வேலை செய்த மூன்று பேர் பெயரைச் சொல்லி, அவர்களுக்கும் ரத்தம் போனால் உடனே பார்க்கச் சொல்ல வேண்டும் என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

வியாழக்கிழமை முதல் பிசிஜி. வாரம் ஒன்று, ஆறு வாரம். வாத்தியார் ஐயா, அன்றைக்கு என்ன செய்ய வேண்டும்?

சோழவந்தான் வாத்தியார்

காலையில் தண்ணீரும் காபியும் குறைத்துக் குடிக்கச் சொல்லுங்கள், இரண்டு மணி நேரம் அடக்க வேண்டும். சின்னக் குழாய் விட்டுத்தான் ஏற்றுவார்கள், பயம் வேண்டாம். வீட்டுக்கு வந்து ஆறு மணி நேரம் வரை ஒவ்வொரு முறையும் உட்கார்ந்துதான் சிறுநீர் போக வேண்டும், தெறிக்கக் கூடாது. போனதும் பிளீச்சிங் திரவம் ஊற்றிக் கால்மணி நேரம் விட்டுத் தண்ணீர் அடிக்க வேண்டும், அதில் உயிருள்ள கிருமி இருக்கிறது. அன்று ராத்திரி எரியும், லேசாகக் காய்ச்சல் அடிக்கும், அது சகஜம். நூற்றொன்றுக்கு மேல் போனாலோ மறுநாளும் விடாமல் இருந்தாலோ உடனே டாக்டருக்குப் போன் போடுங்கள். வெள்ளிக்கிழமை வந்து எப்படி இருக்கிறார் என்று எழுதுங்கள்.